பழி ஓரிடம், பழுது ஓரிடம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இரண்டு செல்வங்கள் உண்டு. ஒன்று, ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த மொழி. மற்றொன்று, வந்த இடத்தில் ஒருவரோடொருவர் சேர்த்து வைத்த உறவு. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இவ்விரண்டுக்கும் ஊறு விளைக்கும் ஒரு காரியத்தை நாம் செய்தோம். அதற்குக் காரணமாய் நின்றது ஒரு கணிப்பொறி. அந்த வரலாற்றை ஒளிவு மறைவின்றி இங்கே எழுதுகிறோம். இரவு பகலாகக் கணிப்பொறியை ஓடவிடும் குடும்பங்கள் நம்மிடையே இன்று பல இருக்கின்றன. அவர்களுக்கு இது பயன்படும். நம் தவற்றை நாமே அச்சில் ஏற்றிவிடுதல் நலம் என்பதும் ஒரு காரணம்.

நாகபுரியில் நம் சங்கத்து வாசகசாலையின் மூலையில், 2017-ஆம் ஆண்டில் உறுப்பினர்களின் நன்கொடையால் வாங்கிய மேஜைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. வாசற்படியிலுள்ள காமிராவின் படங்கள் அதில்தான் பதிவாகின்றன. பகலில் நூற்பட்டியலும் சந்தாக் கணக்கும் அதில் நடைபெறும். இரவில் அதற்கு வேறொரு பணி உண்டு. சங்கத்தின் பழைய மலர்களும் மாத இதழ்களும் தாள் பழுத்துத் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்தோம். அப்படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வேலையை அப்பொறி விடிய விடியச் செய்யும். எனவே அதனை அணைப்பதே இல்லை. ஞாயிறு காலையில் அறையைப் பெருக்கும் வேளையில் மட்டும் ஒரு மணி நேரம் அணைத்து வைப்போம்.

ஸ்கேன் செய்து வந்தவன் ஒரு கல்லூரி மாணவன். நம் உறுப்பினர் ஒருவரின் மகன். நாகபுரியிலேயே பிறந்து, இந்தியும் மராத்தியும் பள்ளியில் பயின்று, சங்கத்து ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்ற பிள்ளை. முதலில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். பொறி பிரித்துக் கொடுத்த எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத் திருத்த, ஓராண்டிற்குள் தடையின்றிப் படிக்கலானான். மாலை 6 மணிக்கு வந்து 8 மணிக்குச் செல்வான். ஊதியம் ஏதும் இல்லை.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பொறி அடிக்கடி தானே நின்றுபோகத் தொடங்கிற்று. திரை திடீரென இருளும். சில வினாடிகளில் தானே மீண்டும் உயிர் பெறும். செய்து கொண்டிருந்த வேலை போய்விடும். பொங்கல் விழாக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த பொருளாளர் இரண்டு முறை அதனை இழந்தார்; மூன்றாம் முறை கோபம் கொண்டார். இரவு பகலாக ஓடும் பொறியில் அந்தப் பையன் எதையோ ஏற்றிவிட்டான், விளையாட்டு ஏதோ வைத்திருக்கிறான், அதனால்தான் இந்தக் கேடு என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைத்தனர். மார்ச்சு 31-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை கூடிய கமிட்டி, அவனிடமிருந்த சாவியைத் திரும்பப் பெறுவதென்றும், மாணவர் உதவி நிதியிலிருந்து 40,000 ரூபாய் எடுத்துப் புதிய பொறி வாங்குவதென்றும் தீர்மானித்தது. அத்தீர்மானத்தில் கையொப்பம் இட்டவருள் நாமும் ஒருவர். அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை; நமக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 3-ஆம் நாள், பிற்பகல் 3 மணிக்குப் பொறி மீண்டும் நின்றது. சாவி நம் சட்டைப் பையில் இருந்தது.

பதிவேடு

நாம் இரயில்வேயில் எழுத்தர். மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். கணிப்பொறியின் உட்பொருளை நாம் அறியோம். ஆயினும் ஒன்று அறிவோம். நிலையத்தில் ஒரு சிக்னல் பழுதுபட்டால், யார் செய்த குற்றம் என்று முதலில் எவரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்குப் பழுதாயிற்று, எத்தனை மணிக்குச் சீராயிற்று என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரே பழுது நான்கு முறை எழுதப்பட்டுவிட்டால், அந்த நான்கு வரிகளே பாதி விடையைக் கொடுத்துவிடும். அந்த முறையை ஏன் இங்கும் கையாளலாகாது என்று எண்ணினோம்.

ஏப்ரல் 5-ஆம் நாள் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டோம். தேதி, மணி, திரையில் கண்டது, அப்பொழுது நடந்த வேலை, அறையில் கூலர் ஓடியதா இல்லையா, மின்சாரத்தில் ஏதேனும் ஏற்ற இறக்கம் உண்டா, அருகில் இருந்தவர் யார் என ஏழு கட்டங்கள். வாசகசாலைக்கு வரும் பெரியவர்கள் அனைவரிடமும், பொறி நின்றால் கடிகாரத்தைப் பார்த்து எழுதுமாறு வேண்டிக்கொண்டோம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கட்டிய மார்க் 2 என்னும் கணிப்பொறி பிழைபட்டபோது, அதனை இயக்கியவர்கள் அதன் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதனை எடுத்தெறிந்துவிடாமல், அன்றைய பதிவேட்டில் மணியைக் குறித்து, அந்தப் பூச்சியையே அப்பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். அப்பக்கம் இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணிப்பொறிப் பிழையைப் ‘பூச்சி’ என்னும் பொருள்பட ‘பக்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். அச்சொல் அதற்கு முன்னரே வழங்கியது எனினும், அந்தப் பக்கத்தால் அது பெரும்புகழ் பெற்றது. பெரிய பொறிகளைக் காத்தவர்களும் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை என்பது இதனால் விளங்கும்.

மே 5-ஆம் நாள் ஞாயிறன்று பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு மாதத்தில் 17 முறை நின்றிருக்கிறது. அவற்றுள் 15 முறை பிற்பகல் 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே நிகழ்ந்தவை. எஞ்சிய இரண்டும் இரவில், விளக்குகள் மினுக்கிய வேளையில் நிகழ்ந்தவை. அந்தப் பிள்ளை வந்து போன மாலை நேரத்தில் ஒன்றேனும் இல்லை. அவன் அம்மாதம் முழுவதும் வாசற்படியே மிதிக்கவில்லை என்பது வேறு.

பொறி எழுதிய நாட்குறிப்பு

நாம் எழுதியது போகப் பொறி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு ஒன்றும் உண்டு. விண்டோஸில் அதற்கு ஈவென்ட் வியூவர் என்று பெயர். நம் பதிவேட்டில் கண்ட ஒவ்வொரு மணிக்கும் நேராக அதில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு இருந்தது. பலர் இதனைக் கண்டதும் நோயைக் கண்டுவிட்டதாக எண்ணி மயங்குவர். அது நோயின் பெயரன்று. ‘முறைப்படி அணைக்கப்படாமல் நின்று, மீண்டும் தொடங்கினேன்’ என்று பொறி கூறும் செய்தி, அவ்வளவே.

அக்குறிப்பினுள் ‘பக்செக் கோட்’ என்று ஓர் எண் இருக்கும். விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு நீலத்திரை காட்டி நின்றிருந்தால், அவ்விடத்தில் அப்பிழையின் எண் பதிவாகும். பூச்சியமாக இருந்தால், எழுதுவதற்கும் அவகாசம் இன்றிப் பொறி நின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதாவது, மின்சாரம் அற்றிருக்கலாம். அல்லது உள்ளுறுப்பு ஒன்று திடீரெனக் கைவிட்டிருக்கலாம். நம் பொறியில் 17 இடங்களிலும் பூச்சியமே. ஏற்றிவைத்த விளையாட்டு ஒன்றால் இங்ஙனம் ஆவது அரிது. அன்றே நம் மனம் குறுகுறுத்தது.

முதலில் பிரதி

சோதனையைத் தொடங்குமுன் ஒன்று செய்தோம். ஸ்கேன் செய்த 1,800 பக்கங்களும் அந்த ஒரே பொறியில்தான் இருந்தன. தாள்களோ உதிர்ந்துகொண்டிருந்தன. ஓடும்போது மின்சாரம் அற்று அற்று வரும் பொறியில், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிதைவதற்கு இடமுண்டு. ஆகவே வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, அனைத்தையும் அதில் பிரதி எடுத்து, வேறொரு பொறியில் இணைத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்தோம். பிரதி எடுத்தல் வேறு, எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்த்தல் வேறு. இரண்டாவதைச் செய்யாதவர்க்கு முதலாவதால் பயன் இல்லாமற் போவதும் உண்டு.

பிறகு எமக்கு நாமே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்வது; செய்தபின் சில நாள் பொறுத்துப் பதிவேட்டைப் பார்ப்பது. நான்கு மாற்றங்களை ஒரே நாளில் செய்து பொறி குணமாகிவிட்டால், எது மருந்து என்று எப்படி அறிவது?

ஒவ்வொரு சந்தேகமாய்

முதற் சந்தேகம் வெப்பத்தின் மேல். நாகபுரியின் கோடையை நேயர்கள் அறிவர். மே 5 மாலை, மின் இணைப்பை முற்றும் நீக்கிப் பெட்டியைத் திறந்தோம். மூளை போன்ற பிராசஸரின் மேலுள்ள விசிறியின் கீழே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி இறக்கைகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றூதும் கருவியால் ஊதித் துடைத்தோம். மின்சாரத்தை உள்ளே மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனை வீட்டார் எவரும் திறத்தல் ஆகாது.

இரவு வேலை நடக்கும்போது 94 டிகிரி வரை ஏறிய பிராசஸரின் சூடு, துடைத்தபின் 71 டிகிரியில் நின்றது. உஷ்ணம் காட்டும் மென்பொருளில் மற்றொரு வரி மட்டும் எப்பொழுதும் 127 டிகிரி என்றே காட்டியது. முதலில் திகைத்தோம். பிறகு விசாரித்ததில், எதனோடும் இணைக்கப்படாத உணர்கருவிக்கு அம்மென்பொருள்கள் இப்படி ஓர் எண்ணைக் காட்டுவது வழக்கம் என்று தெரிந்தது. இதே நாகபுரியில் 2024 மே 30-ஆம் நாள் ஒரு தானியங்கி வானிலை நிலையம் 56 டிகிரி என்று காட்டி நாடெங்கும் பரபரப்பு உண்டாக்கிற்று. அது உணர்கருவியின் கோளாறு என்று வானிலைத் துறையினர் தெளிவுபடுத்தினர். ஒரே ஒரு கருவி சொல்லும் ஒரே ஓர் எண்ணை நம்பி முடிவு கட்டலாகாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

சூடு தணிந்தது, ஆனால் பொறி நிற்பது நிற்கவில்லை. அடுத்த வாரத்திலும் நான்கு முறை நின்றது. பதிவேட்டை ஊன்றிப் பார்த்திருந்தால் இதனை முன்னரே உணர்ந்திருக்கலாம். பொறி மிகக் கடுமையாக உழைப்பது இரவில். வெப்பமே காரணமாயின், உழைப்பு மிகுந்த இரவிலன்றோ அது பெரிதும் நின்றிருக்க வேண்டும்?

இரண்டாவது சந்தேகம் ராம் என்னும் நினைவகத்தின் மேல். மே 12 இரவு, அதனைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு வீடு சென்றோம். காலையில் நான்கு சுற்று முடிந்து பிழை ஏதும் இல்லை என்று காட்டியது. ஒரு சுற்றோடு நிறுத்துதல் போதாது. சில பிழைகள் நெடுநேரம் ஓடியபின்பே தலை காட்டும்.

மூன்றாவது சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல். மே 18 சனிக்கிழமை, பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்து மீட்டர் வைத்துப் பார்த்தோம். 12 வோல்ட்டுக் கம்பியில் 11.4-க்குக் குறையாமலும் 12.6-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. பொறி உழைக்கும்போதும் 11.9 இருந்தது. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் அவ்வாறே நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்புக்குள் நின்றன. மதர்போர்டில் உள்ள சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தார், உப்பவில்லை.

எஞ்சியது யு.பி.எஸ். அதன்மேல் நாம் ஐயம் கொள்ளாமைக்குக் காரணம், அதன் பச்சை விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருந்ததே. மே 19 ஞாயிறன்று, கணிப்பொறியை அணைத்துக் கழற்றிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினோம். பல்பு எரிந்தது. சுவரிலிருந்து யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கினோம். ஒரு முறை ‘கீச்’ என்று கத்திவிட்டு யு.பி.எஸ். அடங்கிற்று, பல்பும் அணைந்தது. பல நிமிஷம் தாங்க வேண்டிய பாட்டரி ஒரு நொடி தாங்கவில்லை. பாட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதி 2019. இவ்வகை ஈய அமிலப் பாட்டரிகள் நல்ல நிலையிலேயே மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஐந்து நாகபுரிக் கோடைகளைக் கண்ட பாட்டரி அது.

இப்பொழுது பதிவேட்டின் கட்டங்கள் அனைத்தும் ஒன்றாய்ப் பொருந்தின. பிற்பகல் 2 மணிக்கு நம் அறையிலும் தெருவிலுள்ள வீடுகளிலும் கூலர்கள் ஓடத் தொடங்கும். மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். யு.பி.எஸ். அதனைக் கண்டு பாட்டரிக்கு மாறும். பாட்டரியில் உயிரில்லை. எஸ்.எம்.பி.எஸ். தன்னுள் சேர்த்து வைத்த மின்னூட்டத்தைக் கொண்டு ஏறக்குறைய 16 மில்லி வினாடிதான் தாங்கும். அதாவது ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் உதவி வராவிடில் பொறி விழும். காப்பதற்கென்று வைத்த கருவியே கவிழ்த்த கருவியாயிற்று. யு.பி.எஸ்.ஸே இல்லாமல் நேரே சுவரில் மாட்டியிருந்தால்கூட அந்தச் சிறு சரிவுகளில் சிலவற்றை அப்பொறி தாங்கியிருக்கக்கூடும்.

புதிய பாட்டரியின் விலை 1,100 ரூபாய். பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். ஈயம் நிறைந்த அப்பொருளைக் குப்பையில் எறிதல் தகாது. மே 30 அன்று, அந்த 56 டிகிரி பொய்யெனினும், வெயில் மெய்யாகவே கொடுமையாய் இருந்தது. அன்றும் பொறி நிற்கவில்லை.

தம்பியின் வீட்டில்

மே 26 மாலை, பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பிள்ளையின் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். உட்காரச் சொல்லவும் மறக்கவில்லை. அவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, கையொப்பம் இட்டவர்களில் நாமும் ஒருவர். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் இட்டோம். அது தவறு” என்றோம்.

அவன் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஏப்ரல் மாதத்துப் பக்கங்களில் ‘அருகில் இருந்தவர்’ என்னும் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். அதில் அவன் பெயர் எங்கும் இல்லை.

“அண்ணா, இது எனக்கு முன்னமே தெரியும். இதை என்னிடம் காட்டிப் பயன் என்ன? கமிட்டியில் படியுங்கள்” என்றான்.

அவன் சொன்னது நியாயம். ஜூன் 2-ஆம் நாள் கூடிய கமிட்டியில் பதிவேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தோம். மார்ச்சு 31 தீர்மானம் நீக்கப்பட்டது. ஆராயாமல் ஒரு மாணவர் மேல் ஐயம் கொண்டமைக்குக் கமிட்டி வருந்துகிறது என்ற வாசகம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது. 40,000 ரூபாயும் மாணவர் உதவி நிதியிலேயே தங்கிற்று. பொருளாளர் தாமே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை.

இரண்டாவது நோய்

இதோடு கதை முடிந்தது என்று எண்ணியிருந்தோம். ஜூன் 20-ஆம் நாளுக்குப் பின் பொறி மந்தமாயிற்று. ஒரு கோப்பைத் திறக்க ஒரு நிமிஷம் பிடித்தது. ஜூன் 23 ஞாயிறன்று வழக்கம்போல் அணைத்து ஏற்றியும் மந்தம் நீங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் திரையில் கண்டது கண்டபடியே உறைந்து நின்றது. இது வேறு விதமான நோய் என்பது பதிவேட்டின் ‘திரையில் கண்டது’ கட்டத்தைப் பார்த்தவுடனே விளங்கிற்று. முன்னது இருண்டு விழுந்தது. இது உறைந்து நின்றது.

இம்முறை வழி காட்டியவன் அந்தப் பிள்ளையே. சனிக்கிழமையன்றே அவன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பொறி முழுமையாகத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் குறித்து வைத்திருந்தான். 36 நாள் என்று இருந்தது. அதாவது மே 17-ஆம் நாள் கடைசியாக மின்சாரம் அற்று விழுந்த நாளிலிருந்து!

“ஞாயிறுதோறும் நாம் அணைக்கிறோமே, தம்பி?” என்றோம்.

“ஷட் டவுன் கொடுத்தால் முழுதும் அணையாது, அண்ணா. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகும்” என்றான்.

கேட்பதற்கு வியப்பாய் இருப்பினும் உண்மை அதுவே. விண்டோஸ் 10-இலும் அதற்குப் பின் வந்ததிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விரைவில் ஏறும்பொருட்டு, அணைக்கும்போது தன் உள்ளகத்தின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுமுறை ஏற்றும்போது அதனையே எடுத்து விரிக்கும். உறங்கி எழுவதே அன்றிப் புதிதாய்ப் பிறப்பதன்று. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் பழைய நிலையை விட்டு முற்றும் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே உள்ளகத்தில் எங்கோ சேர்ந்த சுமை வாரந்தோறும் அணைத்தும் இறங்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தபின், டாஸ்க் மேனேஜரில் ‘நான்-பேஜ்டு பூல்’ என்ற வரியைத் தினமும் காலையில் அவன் எழுதி வந்தான். முதல் நாள் 200 எம்.பி.; பத்தாம் நாள் 1,400 எம்.பி. நாளொன்றுக்குச் சுமார் 130 எம்.பி. வீதம், நினைவகத்தை வாங்கிய ஏதோ ஒன்று திருப்பிக் கொடாமலே இருந்தது. கடன் வாங்கிக் கணக்கு எழுதாத மனிதரைப் போன்றது இது. 8 ஜி.பி. நினைவகத்தில் நான்கைந்து வாரத்தில் பெரும்பகுதி இப்படி முடங்கினால் பொறி மூச்சுத் திணறாமல் என் செய்யும்? நெட்வொர்க் கார்டுக்கான பழைய டிரைவரே அக்கடன்காரன் என்று தெரிந்தது. ஜூலை 7 அன்று புதிய டிரைவரை ஏற்றினோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வரி 200-ஐ ஒட்டியே நின்றது.

இந்நோய் முன்னமே இருந்திருக்க வேண்டும். வாரத்திற்கு நான்கு முறை மின்சாரம் அற்று விழுந்த பொறி, விழும்போதெல்லாம் புதிதாகத் தொடங்கியமையால் அது வெளிப்படவில்லை. ஒரு நோய் தீர்ந்தபின் மற்றொன்று தெரிந்தால், முதல் மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டலாகாது.

பெரிய இடத்துப் பொறிகள்

ஓயாமல் ஓடும் பொறிக்கு இத்தகைய இடர் புதிதன்று. அலுவலகத்தில் எண் குத்தும் முத்திரையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஆறு இலக்கம் உள்ள முத்திரை 999999-க்குப் பின் 000000-க்குத் திரும்பிவிடும். கணிப்பொறியின் கடிகாரமும் அவ்வாறே. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் உள்ளே மில்லி வினாடிகளை எண்ணிய எண்ணியின் கொள்ளளவு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அது 49.7 நாளில் நிரம்பிவிடும். அப்பொழுது பொறி உறைந்து நின்றுவிடக்கூடும். இக்குறையும் அதற்கான திருத்தமும் 1999-இல் வெளியாயின.

2015-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானத் துறையினர் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தனர். 248 நாள் இடைவிடாது மின்சாரத்தில் இருந்தால், அவ்விமானத்தின் ஜெனரேட்டர்களை ஆளும் கருவிகள் ஒருங்கே நின்றுவிடக்கூடும் என்று தெரிந்தமையால், அதற்கு முன்னரே அவற்றை அணைத்து ஏற்ற வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம்.

இவற்றினும் துயரமானது 1991-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைப் பொறி சுமார் 100 மணி நேரம் இடைவிடாது ஓடிற்று. அதன் கடிகாரக் கணக்கில் ஒவ்வொரு முறையும் நேர்ந்த மிக நுண்ணிய பிழை சேர்ந்து சேர்ந்து, வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. பிப்ரவரி 25-ஆம் நாள் வந்த எதிரி ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடிற்று. 28 போர்வீரர்கள் மாண்டார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. நெடுநேரம் ஓடவிடலாகாது என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் எழுதவில்லை.

இல்லத்தார்க்கு

கணிப்பொறியை ஓயாமல் ஓடவிடும் இல்லத்தார் மனத்திற் கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். எதையும் தொடுமுன் பிரதி எடுங்கள்; எடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள். பொறி நிற்கும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, திரையில் கண்டது ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்வது போதாது, கோபம் வந்தால் நினைவு வளைந்துவிடும். யு.பி.எஸ்.ஸை ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஒரு பல்பை மாட்டிச் சோதியுங்கள். பச்சை விளக்கை நம்பாதீர்கள். கோடை பிறக்குமுன் தூசியை நீக்குங்கள். வாரம் ஒரு முறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள்.

பிள்ளைகள் தொட்டதால்தான் கெட்டது என்று சொல்லுமுன், பிள்ளைகள் இல்லாத வேளையிலும் அது கெடுகிறதா என்று பாருங்கள். இவ்வளவு எளிய சோதனையை நாம் ஏப்ரல் 3-ஆம் நாள் வரை செய்யவில்லை. வேற்றூரில் நம் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க ஒரு பிள்ளை வருவதே அரிது. அவனை வாசலில் நிறுத்திவிட்டு, அவன் காப்பாற்றிய பக்கங்களை வைத்துக்கொண்டு யாருக்குப் படிக்கக் கொடுப்போம்?

அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் வாசகசாலையில் பொறியின் அருகே நூலில் கட்டித் தொங்குகிறது. 2024 ஜூலைக்குப் பின் அதில் வரிகள் மிகச் சில. பெரும்பாலானவை அப்பிள்ளையின் கையெழுத்து, எழுதியிருப்பது தமிழில்.